பார்த்தோரும் பார்க்கப்பட்டோரும்: தேயிலை பற்றிய இரு விவரணப் படங்களை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இலக்கியத் திறனாய்விலே வாசகன் பற்றிய சிந்தனை தமிழில் ஓரளவுக்கேனும் இடம்பெற்றுள்ளது. யார் எழுதினார், எதை எழுதினார் என்பவற்றோடு யாருக்காக எழுதினார் என்ற வினாவையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் முற்போக்குத் திறனாய்வாளரால் நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. ஆயின் திரைப்படம், தொலைக்காட்சி முதலிய வெகுசனத் தொடர்புச் சாதனங்களை நோக்குமிடத்து அதே வினாவை நாம் ஊன்றிக் கேட்பதில்லை. அதிலும் விவரணப் படமென்றால், உண்மையைக் காட்டியது என்ற பாராட்டோடு திறனாய்வு முடிந்துவிடுகிறது. யாருக்குக் காட்டியது, கண்டவர் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டனர், அவ்விளக்கம் யாருக்குப் பயன்பட்டது என்பன கேட்கப்படாமலே போகின்றன.

இவ்வினாக்களை எழுப்புவதற்குக் கண்டியையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையும் காட்டிலும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. 1973ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம், 'வேர்ள்ட் இன் அக்சன்' என்னும் தனது புலனாய்வு நிகழ்ச்சித் தொடரில், 'ஒரு கோப்பைத் தேநீரின் விலை' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க தலைப்புடைய படமொன்றை ஒளிபரப்பியது. இலங்கையில் பிரித்தானியக் கம்பனிகளுக்குச் சொந்தமாயிருந்த தேயிலைத் தோட்டங்களின் கூலி, லயன் குடியிருப்பு, போசாக்கின்மை, நோய் என்பனவே அதன் பொருள். படம் பிரித்தானியாவில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. காலையும் மாலையும் தாம் அருந்தும் தேநீருக்குப் பின்னால் இத்தகைய வாழ்வா என்ற அதிர்ச்சி சாதாரண இல்லங்களுக்குள்ளும் புகுந்தது.

அவ்வாண்டில் இலங்கையில் தொலைக்காட்சியே இருக்கவில்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரிலிலும் ரூபவாகினி 1982இலுமே தம் ஒளிபரப்பைத் தொடங்கின. ஆதலின் படம்பிடிக்கப்பட்ட மக்கள், தம்மைப் பற்றி வேறொரு நாடு முழுவதும் பேசிக்கொண்டிருந்த நாட்களில், அப்படத்தைப் பார்க்கும் வாய்ப்பே அற்றவராயிருந்தனர். பார்ப்போர் ஒரு கரையிலும் பார்க்கப்படுவோர் மறுகரையிலுமாக நின்ற இந்நிலையைத் தொழில்நுட்பம் சார்ந்த தற்செயல் என ஒதுக்கிவிட முடியாது. தேயிலை செல்லும் வழியிலேயே படமும் சென்றது. இங்கு விளைந்தது, அங்கு நுகரப்பட்டது. படம் எழுப்பிய எதிர்வினைகளின் இயல்பை இந்த உறவே பெரும்பாலும் நிர்ணயித்தது என்பது எமது துணிபு.

நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்வது அப்படத்தின் காட்சியமைப்பையன்று. அதன் தலைப்பு உணர்த்தும் நோக்குநிலையும், அது எழுப்பிய எதிர்வினையும், அவ்வெதிர்வினை எட்டாது விட்டவையுமே நம் கவனத்துக்குரியன.

தலைப்பிலிருந்து தொடங்குவோம். ஆங்கில மூலத்தில் உள்ள 'கொஸ்ட்' என்ற சொல் சந்தை விலையை மாத்திரம் குறிப்பதன்று. அடக்கச் செலவையும், ஒன்றைப் பெறுவதற்காக இழக்கப்படும் பிறிதொன்றையும் அது ஒருங்கே சுட்டும். கடையில் சில பென்சுகளுக்கு வாங்கும் தேநீருக்கு வேறு யாரோ தம் உடலால் விலை செலுத்துகின்றனர் என்பதை அந்த ஒரு சொல்லிலேயே உணர்த்தியமை பாராட்டத்தக்கதே. பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை ஒரு சொற்றொடர் சொல்லிவிடுகிறது. பண்டம் தன்னை உற்பத்தி செய்த மனித உறவுகளை மறைத்து, தானே தனியொரு பொருளாக, இயல்பாகவே விலை பெற்றதாக நம்முன் தோன்றுகிறது என்று மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் காட்டினார். அந்நூல் வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேதான் கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பண்டத்தின் மாயம் விளக்கப்பெற்ற ஆண்டிலேயே நம் மலைகளில் அப்பண்டத்துக்கு வித்திடப்பட்டமை வெறும் தற்செயலே. எனினும் தேயிலையைப் பற்றிச் சிந்திப்போருக்கு மறக்கவொண்ணாத தற்செயல்.

ஆயினும் அத்தலைப்பில் அளவையாக நிற்பது கோப்பை என்பதைக் கவனித்தல் வேண்டும். கோப்பை நுகர்வோரின் அளவை. தோட்டத்து வாழ்வில் கோப்பைக்கு இடமில்லை. அங்குள்ள அளவைகள் வேறு: கூடை, இறாத்தல், பேர், அரைப்பேர். விதிக்கப்பட்ட இறாத்தல் கொழுந்து நிறுவையில் தேறாவிடின் அன்றைய உழைப்பு அரைப்பேராகக் குறிக்கப்படும். ஒரு பெண்ணின் ஒரு நாள் வாழ்வு முழுமையானதா பாதியானதா என்பதைத் தராசும் கணக்கப்பிள்ளையின் புத்தகமும் தீர்மானிக்கும். மலையகச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரான என். எஸ். எம். இராமையா தம் புகழ்பெற்ற கதைக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' என்று பெயரிட்டார். வழக்கத்துக்கு மேலாகக் கொழுந்து பறித்துவிட்ட பெண்ணொருத்தியின் நேர்மை ஐயத்துக்குள்ளாகிறது. தன் உழைப்பு தன்னுடையதே என்பதை அவள் மெய்ப்பிக்க வேண்டியவளாகிறாள். கோப்பை என்ற அளவையைக் கொண்டு இக்கதையை எழுதியிருக்க முடியாது. கோப்பையிலிருந்து புறப்படுபவர் வறுமையைச் சென்றடையலாம். உழைப்பையும், உழைப்பின் மீதான கண்காணிப்பையும், உழைப்பவளின் தன்மானத்தையும் சென்றடைவது கூடையிலிருந்து புறப்படுபவருக்கே கூடும்.

இதனாலேயே பிரித்தானியப் பார்வையாளரின் எதிர்வினை இரக்கமும் குற்றவுணர்வுமாக அமைந்தது. 'நான் குடிக்கும் தேநீர்' என்பதே அவ்வுணர்வின் எழுவாய். இரக்கத்தை நாம் இழித்துரைக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில், தென்னாபிரிக்காவில் பிரித்தானியக் கம்பனிகள் ஆபிரிக்கத் தொழிலாளருக்குப் பட்டினிக் கூலி வழங்குவதை 'கார்டியன்' நாளிதழ் அம்பலப்படுத்தியிருந்தது. நாடாளுமன்றக் குழுவொன்று அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கடல்கடந்த நாடுகளில் தம் நாட்டு மூலதனம் எவ்வாறு இலாபமீட்டுகிறது என்ற கேள்வி அங்கு ஏற்கனவே எழுந்திருந்த சூழலில்தான் தேயிலைப் படம் வெளிவந்தது. 'வோர் ஒன் வோண்ட்' என்னும் வறுமையொழிப்பு அமைப்பு 1974இல் தேயிலைத் தொழிலின் நிலை குறித்துத் தனி அறிக்கை வெளியிடுமளவுக்கு அக்கறை வளர்ந்தது. இவற்றையெல்லாம் பூர்சுவா மனச்சாட்சியின் சிறுசலசலப்பு என்று ஒரு வரியில் தள்ளிவிடும் இடதுசாரி நண்பர்கள் சிலரோடு நாம் உடன்படவில்லை. பேசப்படாத ஒன்று பேசப்பட்டது.

ஆனால் மனச்சாட்சி கேட்கும் கேள்விக்கும் அரசியற் பொருளாதாரம் கேட்கும் கேள்விக்கும் வேறுபாடுண்டு. இதில் குற்றவாளி யார் என்று முன்னையது கேட்கும். இது எவ்வாறு இயங்குகிறது என்று பின்னையது கேட்கும். குற்றவாளியைத் தேடும் பார்வையாளருக்கு அக்குற்றவாளி கம்பனியாகத் தென்படுகிறான். கம்பனிகளோ நெடுங்காலமாகச் சொல்லிவரும் மறுமொழியை வைத்திருந்தன: உலகச் சந்தையில் தேயிலை விலை குறைவு, கூலியை உயர்த்தினால் கோப்பையின் விலை உயரும், வீடும் மருத்துவமும் இலவசமாகவே தருகிறோம் என்பன. இம்மறுமொழி முழுப் பொய்யன்று என்பதுதான் இதன் வலிமை. தேயிலை விலை உண்மையிலேயே தேங்கிக் கிடந்தது. ஆயின் தோட்டத்தை உடைய கம்பனியும், ஏலத்தில் வாங்கும் கம்பனியும், கலந்து பொதிசெய்து விற்கும் கம்பனியும் பல வேளைகளில் ஒரே குடும்பத்து உறவினர். தோட்டத்தில் நட்டம் காட்டுவோர் பொதியில் இலாபம் காண்பர். இந்த உறவை வெளிக்கொணர, துன்புறும் உடலைக் காட்டும் ஒளிப்படக் கருவி போதாது. கணக்குப் புத்தகத்தை வாசிக்கும் கண்ணும் வேண்டும். கோப்பைக்கு ஒரு பென்சு கூடக் கொடுக்கத் தயாராகும் நல்லுள்ளம், அந்தப் பென்சு எங்கே தங்கும் என்று கேட்பதில்லை.

கிரனாடாவின் தலைமையகம் மான்செஸ்டரில் இருந்தது. எங்கெல்ஸ் பல்லாண்டுகள் பஞ்சாலைக் கணக்குப் பார்த்த நகரம் அது. பிரித்தானியக் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தின் தலைமையகமும் அங்கேதான். உழைப்பாளரே உடைமையாளராகக் கொண்ட அக்கூட்டுறவு இயக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை வாங்கியிருந்தது. லங்காஷயர் நெசவாளியின் கூட்டுறவு இலாபப் பங்கிலே மலைநாட்டுக் கொழுந்துக்காரியின் உழைப்பும் கலந்திருந்தது. உலகையே சுரண்டும் ஒரு நாட்டில் தொழிலாளி வர்க்கமும் பூர்சுவாத் தன்மை எய்துவதில் வியப்பில்லை என்ற கருத்துப்பட எங்கெல்ஸ் 1858இல் மார்க்சுக்கு எழுதியது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. முதலாளி, தொழிலாளி என்ற எளிய எதிர்நிலையைக் கொண்டு 1973இன் பார்வையாளரை விளங்கிக்கொள்ள முடியாது. அவர்களுட் பலர் தொழிலாளரே. தொழிலாளியாகவன்றித் தேநீர் அருந்துபவராக அவர்களை அழைத்தமையே தலைப்பின் கருத்துநிலைச் செயற்பாடு.

இப்படத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1934இல் பசில் ரைட் இயக்கி ஜோன் கிரியர்சன் தயாரித்த 'சோங் ஒஃப் சிலோன்' உலக விவரணப் பட வரலாற்றில் உயர்ந்த இடம் பெற்றது. 1935இல் பிரசெல்ஸ் விழாவில் பரிசு வென்றது. நாவலாசிரியர் கிரகாம் கிறீன் அதனை வியந்து எழுதினார். அவ்வழகிய படைப்புக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. நான்கு பகுதிகளாக அமைந்த படத்தில் புத்த சமயமும், கிராமமும், கண்டிய நடனமும் நெஞ்சையள்ளும் வண்ணம் காட்டப்படுகின்றன. மூன்றாம் பகுதியான 'வணிகத்தின் குரல்கள்' என்பதில் சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் ஒலிக்க, அவற்றினடியில் தோட்ட உழைப்பு கடந்துசெல்கிறது. ஒலியையும் காட்சியையும் இவ்வாறு மோதவிட்டமை அக்காலத்துக்கு மிகத் துணிந்த உத்தி. விளம்பரப் பணத்தில் எடுத்த படத்துக்குள் ஏகாதிபத்தியத்தின் குரலைப் பதிவுசெய்துவிட்டார் ரைட் என்று கொள்வோரும் உளர். ஓரளவுக்கு நாமும் அவ்வாறே கருதுகிறோம்.

எனினும் படத்தின் வருணனைக்கு எடுத்தாளப்பட்ட நூல் எது? 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல். அதனை லயனல் வென்ட்டின் குரல் வாசிக்கிறது. 1681ஆம் ஆண்டின் நூலிலே மலையகத் தமிழ்த் தொழிலாளி இருக்க முடியாது. அவரது மூதாதையர் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கண்டிச் சீமைக்கு வரத்தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். எனவே அம்மொழியைக் கொண்டு அவரைச் சொல்ல இயலாது. தேயிலைக்காக எடுத்த படத்தில், தேயிலையை விளைவிப்போருக்குச் சொல்லே இல்லாமற் போயிற்று. காலமற்ற சிங்களக் கிராமம் ஒருபுறம், இலண்டன் வணிகம் மறுபுறம். இரண்டுக்கும் இடையில் லயன் காணாமற்போகிறது.

இப்படத்தைப் பேராதனையில் மாணவருடன் சேர்ந்து நாம் பார்த்ததுண்டு. ஒளிப்பதிவின் அழகை வியந்தோரே பலர். தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி மட்டும், "அவுங்க பேசுறத ஒரு வார்த்தகூடக் கேக்க விடலையே, சேர்" என்றார். 1935இன் இலண்டன் விமர்சகருக்குத் தோன்றாத கருத்து இது. தோன்றாமைக்கு அவரது இரசனைக் குறைவு காரணமன்று. அவர் நின்ற இடம் அது.

1934இன் பார்வையாளர் மகிழ்ந்தனர். 1973இன் பார்வையாளர் வருந்தினர். இவ்விரு உணர்வுகளும் ஒன்றுக்கொன்று முற்றிலும் முரணானவையாகத் தோன்றும். ஆனால் இரண்டிலும் பார்வையாளர் இருந்த நாற்காலி ஒன்றே. கையிலிருந்த கோப்பையும் ஒன்றே. முன்னைய படத்தில் தொழிலாளி அழகின் ஓரத்தில் நின்றார். பின்னைய படத்தின் எதிர்வினைகளில் துன்பத்தின் நடுவில் நிறுத்தப்பட்டார். வேலைநிறுத்தம் செய்பவராக, கூட்டங்கூடுபவராக, பாடுபவராக, வாதிடுபவராக அவர் எங்கும் தோன்றவில்லை. அவரது வரலாற்றிலோ இவையெல்லாம் உண்டு. லூல்கந்துர அமைந்த அதே ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மலையகத் தொழிலாளி வர்க்க வரலாற்றின் முதல் தியாகிகளுள் ஒருவராக அவர் இன்றும் நினைவுகூரப்படுகிறார்.

கடல்கடந்த எதிர்வினையைப் பற்றி இவ்வளவு பேசியபின் உள்நாட்டு எதிர்வினையை நோக்காது விடுவது நேர்மையாகாது. சொல்லப்போனால் நமக்குக் கசப்பான பகுதி இதுவே.

1970 முதல் ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அங்கம் வகித்தன. பெருந்தோட்டத்துறை அமைச்சராயிருந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. கோவிந்தன் கொலை பற்றிய விசாரணை ஆணைக்குழு முன்னிலையில் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடிய சட்டத்தரணி அவரே. அவர் அமைச்சராயிருந்த 1973, 1974ஆம் ஆண்டுகளிலேதான் உணவுத் தட்டுப்பாடும் பங்கீட்டுக் குறைப்பும் தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்தின. தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. மலைநாட்டு நகர வீதிகளில் தோட்ட மக்கள் கையேந்தி நின்றனர். பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர். தோட்டக் கூலியின் கொடுமையை இலண்டன் கண்டுபிடித்துக்கொண்டிருந்த வேளையில், அக்கூலியைக் கொண்டும் வாங்குவதற்கு மா இல்லாத நிலை இங்கு நிலவியது. அந்தப் பட்டினியைக் கம்பனியின் பேராசை ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியாது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியமை, அந்நியச் செலாவணி நெருக்கடி, பங்கீட்டுக்கு வெளியே உணவு தேட நிலமும் உறவும் அற்ற நிலை, எல்லாவற்றுக்கும் மேலாக 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் என்பன ஒன்றையொன்று இறுக்கிய முடிச்சு அது. வாக்குரிமையற்றவரின் பசி எந்தத் தேர்தல் தொகுதியையும் அசைக்காது.

அந்நியக் கம்பனியே காரணம் என்ற விளக்கம் இங்குள்ள ஆளும் தரப்புக்கு மிக வசதியாக அமைந்தது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்து, எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்போட்டது. அவர்களை இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ள இணங்கியது 1974இல், அதாவது படம் வெளிவந்த மறு ஆண்டில். மனிதரை இவ்வாறு தொகையாகப் பிரித்த அரசுகளின் மீது பிரித்தானியத் தேநீர்க் கோப்பை வெளிச்சம் பாய்ச்சவில்லை; பாய்ச்சவும் இயலாது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்து, கம்பனித் தோட்டங்களைத் தொடாது விட்டது. 1975 ஒக்டோபரில் வந்த திருத்தச் சட்டத்தால் கம்பனித் தோட்டங்கள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் அரசுடைமையாயின. அதற்குச் சற்று முன்னர், செப்டெம்பரில், சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது. தோட்டங்கள் எந்த அமைச்சின்கீழ் வரவேண்டும் என்ற போட்டியும் அப்பிளவுக்கு ஒரு காரணம். கண்டி மாவட்டத்தின் யட்டிநுவரத் தொகுதி உறுப்பினரும் விவசாய, காணி அமைச்சருமான ஹெக்டர் கொப்பேகடுவவின் பொறுப்பிலே சுவீகரிப்பு நடைபெற்றது.

கண்டிய விவசாயிக்கு இதில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பெருந்தோட்டத்தால் நிலமிழந்த அவனது துயரத்தை 1951இன் கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கை பதிவுசெய்துள்ளது. ஆனால் அவனது கண்ணிலே தோட்டம் என்பது மீட்கப்படவேண்டிய நிலம். அதிலுள்ள தொழிலாளி அந்நியன் விட்டுச்சென்ற எச்சம். ஒடுக்கப்பட்ட ஒருவனின் பார்வையிலிருந்து ஒடுக்கப்பட்ட இன்னொருவன் மறைந்துபோகும் இத்தகைய நிலையே கருத்துநிலையின் உச்ச வெற்றி. கம்பனி போயிற்று, லயன் போகவில்லை. சுவீகரிக்கப்பட்ட தோட்டங்கள் பலவற்றில் தொழிலாளர் வேலையிழந்தனர், வெளியேற்றப்பட்டனர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்ட நிலத்தைப் பிரித்தெடுப்பதற்கு எதிராகத் திரண்டபோது சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது துரையும் இல்லை, ஸ்டேர்லிங் கம்பனியும் இல்லை.

அக்காலத்தில் வேறு வகையான பார்வையாளரும் இருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்டியில் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் நிறுவிய சத்யோதய, சிங்களவரும் தமிழருமாகக் கிராமத்தையும் தோட்டத்தையும் ஒருசேர நோக்க முயன்றது. அதன் கிறிஸ்தவ மனிதாபிமானத்தோடு நமக்குக் கோட்பாட்டு வேறுபாடுகள் உண்டு. ஆயின் கிராமத்தானையும் தோட்டத்தானையும் எதிரெதிரே நிறுத்திய அந்நாட்களில், நமது கட்சிகள் செய்யத் தவறியதை அது செய்தது. இலக்கியத்திலோ, தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவல் 1974இல் வந்தது. பார்க்கப்பட்டவரே எழுதுபவராகவும் அவரது மக்களே வாசகராகவும் அமைந்த நூல் அது. பிரித்தானியத் தொலைக்காட்சி மலையகத்தைக் கண்டுபிடித்தது என்று கூறுவோர், மலையகம் தன்னைப் பற்றி எழுதத்தொடங்கிப் பல ஆண்டுகளாகிவிட்டன என்பதை அறியாதவர். சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கிலக் கவிதை நூல் வெளிவந்தது 1954இல். ஆங்கிலத்திலேயே இருந்தும் அது இலண்டனின் மனச்சாட்சியைத் தொடவில்லை. தொழிலாளியைப் பற்றிய தன் நாட்டுக் கருவியின் சாட்சியத்தை நம்பும் சமூகம், தொழிலாளியின் சாட்சியத்தை அவ்வளவு எளிதில் நம்புவதில்லை.

ஆங்கிலப் பெண்தொழிலாளர் குழுவொன்று மலையகப் பெண்தொழிலாளரோடு நேரடித் தொடர்பு கொண்டிருப்பின் எதிர்வினை வேறாக அமைந்திருக்குமா? வரலாற்றில் 'இருப்பின்' என்பதற்கு இடமில்லை என்பர். எனினும் ஒன்றைக் குறிப்பிடலாம். ஒரே கூடையைச் சுமந்தும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம் என்ற அநீதி 1984இன் வேலைநிறுத்தத்தின் பின்னரே நீங்கியது. அதனைப் பெற்றுத்தந்தவர் மலையகத்துப் பெண்களும் ஆண்களும். தொலைக்காட்சிப் பார்வையாளருக்கு அதில் பங்கில்லை.

1973இன் வகைமாதிரி இன்றும் மறையவில்லை. 2015இல் பிபிசி அசாம் தோட்டங்களின் அவலத்தைக் காட்டியது. 2023 பெப்ரவரியில் கென்யாவில் பெரும் தேயிலைக் கம்பனிகளின் தோட்டங்களில் பெண்கள் மேற்பார்வையாளரின் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாவதை அதே நிறுவனம் மறைகாணி கொண்டு அம்பலப்படுத்தியது. பார்வையாளர் அதிர்ந்தனர்; கம்பனிகள் விசாரணை அறிவித்தன. இடைப்பட்ட காலத்தில் இரக்கத்துக்கென்று ஒரு சந்தையும் தோன்றிவிட்டது. நியாய வணிகம், சூழல் நேயம் என்று பொதியில் ஒட்டப்படும் முத்திரைகள் 1973இன் குற்றவுணர்வைச் சில்லறை விலையில் தீர்த்துவைக்கின்றன. எதிர்வினையே பண்டமாகிவிட்டது. இன்னொன்றையும் இங்கு நோக்குவோம். கென்யப் படத்தில் பெயர் அடிபட்ட ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம் அவ்வாண்டிலேயே தன் கென்யத் தோட்டங்களை விற்க உடன்பட்டது. வாங்க முன்வந்தது பிறவுண்ஸ் இன்வெஸ்ட்மென்ற்ஸ் என்னும் இலங்கை நிறுவனம். 1973இன் தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உடைமையாளரின் இடத்தில் கொழும்பை நிறுத்திக் கென்யத் தொழிலாளரைப் பற்றி இன்று ஒரு படம் எடுக்கலாம். அதன் பார்வையாளராக நாம் எந்த நாற்காலியில் அமர்வோம்?

நம் பகுதிக்கே திரும்புவோம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, இலாபந்தராதவை எனத் தள்ளப்பட்டு அரசின் கையிலேயே எஞ்சிய தோட்டங்கள் பெரும்பாலும் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் உள்ளவை. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியைக்கூட உரியவாறு செலுத்தாது நிலுவை வைத்தன என்று அத்தோட்டங்கள் பேர்பெற்றன. அந்நியக் கம்பனியை எதிர்த்த எந்தப் படமும் இவற்றை நோக்கித் திரும்பவில்லை. தேசிய முதலாளித்துவத்தின் அவலம் ஏற்றுமதிக்குரிய காட்சியன்று.

2018 ஒக்டோபரில் மலையக இளைஞர் ஆயிரக்கணக்கில் கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலில் திரண்டனர். தொழிற்சங்கத் தலைமைகளின் அழைப்பின்றி, பெரும்பாலும் கையிலிருந்த தொலைபேசிகளின் வழியே கூடிய கூட்டம் அது. கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைசெய்யும் தோட்டத்துப் பிள்ளைகள், தோட்டத்தில் உழைக்கும் பெற்றோருக்காக நாட்சம்பளம் 1,000 ரூபா கேட்டனர். அவர்களே நிகழ்ச்சி, அவர்களே ஒளிப்பதிவாளர், அவர்களே பார்வையாளர். 2019 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர்கள் 700 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்குக் கையொப்பமிட்டனர். 1,000 ரூபாவைச் சம்பளச் சபை விதித்தது 2021 மார்ச்சில். கம்பனிகள் உடனே நீதிமன்றம் சென்றன. நாட்சம்பளம் கூடிய கையோடு, ஒரு முழுப் பேருக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் கிலோவைப் பல தோட்டங்கள் உயர்த்தின. தேறாத நாட்களில் அரைப்பேர் போடப்பட்டது. இறாத்தல் கிலோவாக மாறியிருக்கிறது. தராசு அதே பிரட்டுக்களத்தில் தொங்குகிறது. அதில் நிறுக்கப்படும் கூடையைப் படமெடுப்பவர் இனி யாராயிருப்பினும், காட்சி தொடங்கவேண்டிய இடம் அதுவே.